பழைய மனச்சோர்வை மருத்துவரிடம் மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. பள்ளி ஆசிரியையாக இருந்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு கண்களும் அடிக்கடி சிமிட்டத் தொடங்கின. ஓராண்டுக்குள் வெயிலில் இறங்கினாலே இமைகள் இறுக மூடிக்கொண்டன. பிறகு வாயும் தாடையும் கோணத் தொடங்கின. முதலில் பார்த்த இரண்டு மருத்துவர்கள் மனக்கவலையால் வருவது என்றார்கள். மூன்றாமவர்தான் இது முகத் தசைகள் தாமாகவே இறுகி முறுக்கிக்கொள்ளும் முக டிஸ்டோனியா, மெய்ஜ் நோய்க்குறி என்று பெயர் சொன்னார். பாட்டை முணுமுணுத்தால் கண் சற்றுத் திறக்கிறது என்பதால், சாலையைக் கடக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே போகிறேன். தசையைத் தளர்த்த மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் போடாக்ஸ் ஊசி இப்போது ஐந்து வாரம்கூடத் தாங்குவதில்லை. டெட்ராபெனசின், குளோனசெபாம் மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை செய்யலாம் என்கிறார்கள். அதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு 38 வயதில் ஒரு முறையும், இந்த நோயால் வேலையை விட்ட பின் ஒரு முறையும் மனச்சோர்வு வந்தது. இரண்டாம் முறை தொடங்கிய மாத்திரை இன்னும் தொடர்கிறது. இதைச் சொன்னால் அறுவையை மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மறைத்துவிடலாமா? முகம் சரியானால் மனமும் சரியாகிவிடுமா, அல்லது மூளையில் கம்பி வைப்பதால் மனம் இன்னும் கெட்டுவிடுமா? அதன் பிறகு நான் நானாகவே இருப்பேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மறைக்க வேண்டாம். உங்கள் கேள்விகளில் தயக்கமில்லாமல் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆழ்மூளைத் தூண்டல் செய்யும் குழுவில் மனநல மருத்துவராகப் பணிபுரிகிறேன். அறுவைக்கு முந்தைய அந்த நேர்காணலை நடத்துவது என் வேலை. அறைக்குள் வருகிறவர்களில் பலர், "தூக்கம் நன்றாக வருகிறது, பசிக்கிறது, கவலை ஒன்றும் இல்லை" என்று நான் கேட்பதற்கு முன்பே ஒப்பித்துவிடுகிறார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் கவலையே இல்லை என்று சொல்லும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை. அவர் எதையோ அடக்கி வைத்திருக்கிறார், அறுவைக்குப் பிறகு அது வெளியே வரும்போது அருகில் அதைப் புரிந்துகொள்ள ஆளிருக்காது என்ற கவலைதான் வருகிறது.

முன்பு மனச்சோர்வு வந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் இந்தச் சிகிச்சையை நாங்கள் மறுப்பதில்லை. டிஸ்டோனியா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அவ்வளவு பரவலாகக் காணப்படுகின்றன. அவை ஒருபோதும் வராதவர்களுக்கு மட்டுமே செய்வோம் என்று முடிவெடுத்தால் அறுவை அரங்கைப் பெரும்பாலான நாள் பூட்டித்தான் வைக்க வேண்டும். கடுமையான மனச்சோர்வு நடப்பில் இருந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தாலோ, மனப்பிறழ்வு கட்டுக்குள் இல்லாமல் இருந்தாலோ, மறதி நோய் தொடங்கியிருந்தாலோ நாங்கள் நிறுத்தி யோசிப்போம். இவற்றில் கடைசியானதைத் தவிர மற்றவற்றுக்கு, "முதலில் இதைச் சரி செய்துகொண்டு வாருங்கள்" என்பதே பெரும்பாலும் எங்கள் பதிலாக இருக்கும். உங்கள் நிலை அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. எந்த மருந்து உங்களுக்கு ஒத்துவருகிறது, எந்த அளவில் ஒத்துவருகிறது, சோர்வு திரும்பும்போது அது தூக்கத்தில் தொடங்குமா பசியில் தொடங்குமா என்பதெல்லாம் தெரிந்திருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது, ஒன்றும் தெரியாத நோயாளியைப் பார்த்துக்கொள்வதைவிட எங்களுக்கு எளிது.

மறைத்தால் நடக்கக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை பட்டியலில் இல்லாததால் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அதை உங்களுக்குத் தர மாட்டார்கள். அந்த வகை மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், அழுகை, தூக்கமின்மை வரும். புதிதாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட மூளையில் இவை தோன்றினால் கருவியைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள், தேவையில்லாமல் அதன் அளவுகளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மேலும், இன்று அதிகம் எழுதித் தரப்படும் செரட்டோனின் சார்ந்த மாத்திரைகள் இரத்தம் உறைவதைச் சற்றே தாமதப்படுத்தும் இயல்புள்ளவை. மூளையில் கம்பி செலுத்தப்போகிற அறுவை மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆக, மறைப்பதால் மனத்தைப் பற்றிய ஒரு தகவல் மட்டும் போவதில்லை. அறுவையின் பாதுகாப்பும் அதனோடு சேர்ந்து போகிறது.

உங்கள் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. முதல் இரு மருத்துவர்கள் மனக்கவலை என்று சொல்லி அனுப்பிவிட்ட பிறகு, மனம் என்ற சொல்லை வாயெடுத்தாலே பழையபடி "எல்லாம் மனசுதான்" என்று கதை முடிந்துவிடுமோ என்ற அச்சம் எவருக்கும் வரும். இந்த நோயின் வரலாறே அப்படிப்பட்டதுதான். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஆன்றி மெய்ஜ் 1910இல் இதை விவரித்தார். ஆனாலும் அதன் பிறகு பல பத்தாண்டுகள், கண் இறுக மூடுவதும் வாய் கோணுவதும் மனக்கோளாறு என்றே கருதப்பட்டு நோயாளிகள் மனநல மருத்துவர்களிடம் அனுப்பப்பட்டார்கள். இது மூளையின் அடித்தள நரம்பு முடிச்சுகளில் பிறக்கும் டிஸ்டோனியா என்று லண்டன் மருத்துவர் டேவிட் மார்ஸ்டன் 1976இல் வலுவாக எடுத்துரைத்த பின்புதான் நிலை மாறியது. நீங்கள் சொல்லும் முணுமுணுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடினால், மென்றால், நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால் இறுக்கம் தளர்வது டிஸ்டோனியாவின் தனி அடையாளம். புலன் தந்திரம் என்று அதற்குப் பெயரே உண்டு. ஆனால் விவரம் தெரியாதவர் கண்ணுக்கு, "பாடும்போது திறக்கிறதே, அப்படியானால் நடிப்புதானே" என்று தோன்றிவிடுகிறது. நோயைக் கண்டுபிடிக்க உதவ வேண்டிய அடையாளமே நோயாளிக்கு எதிரான சாட்சியாக மாறிய கொடுமை இது. என் துறையினருக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

அந்த அநீதியின் எதிர்விளைவாக, முக டிஸ்டோனியாவுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடுவதும் சரியாகாது. நோயால் மனச்சோர்வு வருவதற்கான காரணம் எவருக்கும் விளங்கும்: வேலை போனது, படிக்க முடியவில்லை, எதிரே பேசுகிறவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதோடு இன்னொரு வழியும் இருக்கிறது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அதே நரம்பு முடிச்சுகளின் வழியாகத்தான் உந்துதலும் உணர்ச்சியும் மகிழ்ச்சி தேடும் ஆர்வமும் சுற்றி வருகின்றன; சுற்றுகள் தனித்தனி, ஆனால் அக்கம்பக்கத்தில் ஓடுகின்றன. அதனால்தான் டிஸ்டோனியா உள்ள பலரிடம் முகம் கோணத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனச்சோர்வோ பதற்றமோ தலைகாட்டியிருப்பதைப் பார்க்கிறோம். உங்களுக்கு முதல் மனச்சோர்வு 38 வயதில். கண் சிமிட்டல் 46இல். அந்த முதல் சோர்வு இந்த நோயின் முன்னோட்டமா, தற்செயலா என்பதைத் தனி ஒருவர் விஷயத்தில் அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. ஆனால் முகம் கோணியதால் மட்டுமே மனம் சோர்ந்தது என்று நாம் கணக்குப் போட முடியாது என்பதற்கு அது ஒரு சான்று. டிஸ்டோனியா எவ்வளவு கடுமையோ அவ்வளவு கடுமையாக மனச்சோர்வும் இருக்கும் என்ற பொருத்தமும் இவர்களிடம் காணப்படுவதில்லை. இமை சற்றே துடிக்கிறவர் ஆழ்ந்த சோர்வில் இருப்பதும், முகம் முழுவதும் முறுக்கிக்கொள்கிறவர் தெளிவோடு இருப்பதும் சாதாரணம்.

மற்ற உறுப்புகளில் வரும் டிஸ்டோனியாவுக்கு இல்லாத ஒரு சிக்கல் முகத்துக்கு உண்டு. நம் மனநிலையை மற்றவர்கள் படிப்பது முகத்தில்தான். இறுகிய இமையும் பிதுங்கிய உதடும் கோபமாகவும் அலட்சியமாகவும் அழுகையாகவும் படிக்கப்படுகின்றன. சிரிக்க நினைக்கும்போது வாய் வேறு பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஒரு அம்மையார் தம் பேத்தி பக்கத்தில் வந்து உட்காருவதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். விசாரித்தபோது, பாட்டி எப்போதும் தன் மேல் கோபமாகவே இருக்கிறாள் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. இப்படி ஆண்டுக்கணக்கில் தவறாகப் படிக்கப்படும் முகத்தோடு வாழ்கிறவர் மெல்ல மெல்ல வீட்டுக்குள் ஒடுங்குவதை மனச்சோர்வு என்று எழுதிவிடுவது எளிது. சில வேளை அது மனச்சோர்வுதான், சில வேளை வெறும் களைப்பு. மனச்சோர்வை அளக்கும் பழைய வினாத்தாள்களில் "என் தோற்றம் அசிங்கமாகிவிட்டது" என்பது போன்ற வரிகள் இருக்கும். முகம் கோணிய ஒருவர் அதற்கு ஆம் என்று குறித்தால் அதை நோய்க்குறியாக எண்ணிவிட முடியாது அல்லவா? ஆகவே உங்களிடம் வினாத்தாள் கொடுக்கப்பட்டால், நிரப்பிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், எந்த விடை முகத்தைப் பற்றியது, எந்த விடை மனத்தைப் பற்றியது என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அறுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். டெட்ராபெனசின் மூளையில் டோபமின் முதலான வேதிப்பொருள்களின் சேமிப்பைக் குறைத்து அசைவை அடக்குகிறது. அதே காரணத்தால் மனச்சோர்வை உண்டாக்கவும், அடங்கியிருந்த சோர்வைக் கிளப்பவும் கூடிய மருந்து அது. ஏற்கெனவே இரு முறை மனச்சோர்வு கண்ட ஒருவருக்கு அதைத் தருவதற்கு முன் மிகவும் யோசிக்க வேண்டும். அதை எழுதித் தந்த நரம்பியல் மருத்துவருக்கு உங்கள் பழைய வரலாறு தெரியுமா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. தெரியாது என்றால், மறைப்பதால் வரும் தீங்கு அறுவைக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். குளோனசெபாம் பதற்றத்தைத் தணித்தாலும், நாளடைவில் மந்தத்தையும் உற்சாகக் குறைவையும் தரக்கூடும். நீங்கள் சாப்பிடாவிட்டாலும், இந்த நோய்க்கு அடிக்கடி தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் வயதானவர்களிடம் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்குவதுண்டு. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாகக் குளோனசெபாமைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போய், டெட்ராபெனசினைத் தொடரத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். அதை மெல்லக் குறைத்ததிலேயே மனம் ஓரளவு தெளிந்தவர்கள் உண்டு.

இனி சிகிச்சை. ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் பருமனுள்ள, நுனியில் மின்சாரம் வெளிவரும் நான்கு அல்லது எட்டு தொடுமுனைகள் கொண்ட ஒரு கம்பி, மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆழத்தில் வைக்கப்படுகிறது. தோலுக்கடியில் ஓடும் இணைப்புக் கம்பி அதை மார்பின் மேற்புறத்தில் புதைத்த பேட்டரியோடு சேர்க்கிறது. வழக்கமாக நொடிக்கு 130 அல்லது அதையொட்டிய எண்ணிக்கையில் சிறு மின்துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபித் குழுவினர் 1987இல் நடுக்கத்துக்காகத் தொடங்கி வைத்த முறை இது. டிஸ்டோனியாவுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003இல் மனிதாபிமான விதிவிலக்கின் கீழ் அனுமதி தந்தது. டிஸ்டோனியாவில் பெரும்பாலும் குறிவைக்கப்படும் இடம் குளோபஸ் பாலிடஸ் என்ற நரம்பு முடிச்சின் உட்பகுதி. மருத்துவர்கள் ஜிபிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சில மையங்கள் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற இன்னொரு முடிச்சைத் தேர்ந்தெடுக்கின்றன.

உங்கள் மனநிலையைப் பொறுத்தவரை இந்த இடத்தேர்வு முக்கியம். ஜிபிஐ ஓரளவு பெரிய முடிச்சு. அதன் பின்புற வெளிப்பகுதி அசைவுக்கும், முன்புற உட்பகுதி உணர்ச்சிக்கும் உரியவை. கம்பி பின்புறத்தில் சரியாக அமர்ந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி கிடைக்கிறது. சப்தலாமிக் நியூக்ளியஸ் நீளவாக்கில் அளந்தாலே ஒரு சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும் வில்லை வடிவ முடிச்சு. அசைவு, சிந்தனை, உணர்ச்சி மூன்றுக்குமான பகுதிகள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் சற்றே சிந்தினாலும் அளவுமீறிய உற்சாகமோ, எதிலும் பிடிப்பற்ற நிலையோ ஏற்பட வாய்ப்புண்டு. இமையைத் திறக்க முடியாத தனிச் சிக்கல் சிலருக்கு அங்கே தூண்டும்போது புதிதாக வருவதும் பதிவாகியிருக்கிறது. உங்களைப் போன்ற வரலாறு உள்ளவருக்கு எந்த இடம் என்று என்னைக் கேட்டால் ஜிபிஐ பக்கம்தான் என் மனம் சாயும். ஆனாலும் அந்தக் குழுவின் கை எதில் பழகியது என்பதற்கும் எடை உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மில்லிமீட்டர்கள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1999இல் பாரிசு மருத்துவர்கள் பதிவு செய்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பார்க்கின்சன் நோயுள்ள 65 வயதுப் பெண். வாழ்நாளில் மனநோய் எதுவும் வந்ததில்லை. அவருக்குப் பொருத்திய கம்பியின் தொடுமுனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, இடப்பக்கத்தின் ஒரு தொடுமுனையில் மின்சாரம் பாய்ந்த சில நொடிகளில் அவர் முகம் வாடியது; சாய்ந்துகொண்டு அழத் தொடங்கினார்; வாழப் பிடிக்கவில்லை, தான் எதற்கும் பயனற்றவள் என்றார். மின்சாரத்தை நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தத் துயரம் முழுவதும் விலகிப்போனது. அதன் பிறகு சில நிமிடம் மருத்துவரோடு சிரித்துப் பேசினார். அவருடைய நோய்க்குறிகளைத் தணித்த நல்ல இடம், அழ வைத்த இடத்துக்கு இரண்டே மில்லிமீட்டர் மேலே இருந்தது. இதை உங்களை அச்சுறுத்தச் சொல்லவில்லை. மின்சாரத்தால் வந்த சோர்வை மின்சாரத்தை மாற்றியே போக்க முடிந்தது என்பதுதான் இதில் உங்களுக்கான செய்தி. மூளைத்திசுவை வெட்டி அகற்றும் அறுவைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: தொடுமுனையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேண்டாமென்றால் அணைத்தே விடலாம்.

முகம் சரியானால் மனம் சரியாகுமா? டிஸ்டோனியாவில் ஜிபிஐ தூண்டலைப் பற்றிய ஆய்வுகளில் இரண்டை இங்கே குறிப்பிடுகிறேன். 2005இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 22 பேர். உடல் முழுவதும் பரவிய டிஸ்டோனியா உள்ளவர்கள். ஓராண்டில் அசைவு நன்றாகத் தேறியது; மனநிலை அளவீடுகள் கெடவும் இல்லை, குறிப்பிடத்தக்க அளவில் உயரவும் இல்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வில் 40 பேருக்கும் கருவி பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் முதல் மூன்று மாதம் மின்சாரம் செலுத்தினார்கள். மின்சாரம் கிடைத்தவர்களே தேறினார்கள் என்பதால், தேற்றம் வெறும் நம்பிக்கையால் வந்ததல்ல என்பது உறுதியாயிற்று. மெய்ஜ் நோய்க்குறிக்கென்று இவ்வளவு பெரிய ஆய்வுகள் இல்லை. சிறு குழுக்களில் செய்யப்பட்டவையே உள்ளன, அவற்றில் முக இறுக்கம் பாதிக்கு மேல் குறைந்ததாகத் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. மனம் பற்றி அவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஜிபிஐ தூண்டல் பெரும்பாலானோரின் மனத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் மனச்சோர்வுக்கு அது மருந்தும் அல்ல. நோயால் ஒடுங்கிப்போன பகுதி, நோய் தணிந்ததும் விரியும்; கடைக்குப் போவீர்கள், படிப்பீர்கள், பேசுகிறவரின் கண்ணைப் பார்ப்பீர்கள். முகம் கோணுவதற்கு முன்பே உங்களுக்குள் இருந்த சோர்வின் வேரை அந்தக் கம்பி தொடாது. அதற்கு இப்போதைய மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் தொடர வேண்டும். அறுவை நன்றாக முடிந்தது என்ற மகிழ்ச்சியில், "இனி இது எதற்கு" என்று மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் திரும்பி வருகிறார்கள்.

ஆபத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜிபிஐ தூண்டலுக்குப் பிறகு டிஸ்டோனியா நோயாளிகள் இருவர் உயிரை மாய்த்துக்கொண்டதை 2006இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்டு, அறுவைக்கு முன் மனநிலையைக் கவனமாக ஆராய வேண்டும் என்ற விழிப்பை உண்டாக்கினார்கள். பார்க்கின்சன் நோய்க்காக சப்தலாமிக் தூண்டல் பெற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 2008ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கணக்கெடுப்பில், அப்படி இறந்தவர்கள் 0.45 சதவீதம், முயன்று பிழைத்தவர்கள் 0.9 சதவீதம், முதல் ஆண்டிலேயே ஆபத்து அதிகமாக இருந்தது. வேறு நோய், வேறு இடம் என்பதால் இந்த எண்களை அப்படியே உங்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் முதல் ஆண்டைக் கண்ணும் கருத்துமாகக் கடக்க வேண்டும் என்ற பாடம் பொருந்தும். முன்பு எப்போதாவது அத்தகைய எண்ணம் உங்களுக்கு வந்திருந்தால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், நேர்காணலில் சொல்லுங்கள். இப்போதோ அறுவைக்குப் பின்போ வந்தால், அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே வீட்டாரிடமும் குழுவிடமும் சொல்லுங்கள். நள்ளிரவாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கருவியின் மின்னளவைச் சரிபார்க்க எங்களுக்குச் சில நிமிடம் போதும்.

முதல் சில மாதங்கள் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி மனவேதனை மிச்சம். கம்பி செருகிய இடத்தில் திசு சற்றே வீங்குவதால், மின்சாரம் செலுத்துவதற்கு முன்பே சிலருக்கு முகம் தளர்ந்து போகும். வீடே கொண்டாடும். சில நாள், சில வாரத்தில் வீக்கம் வற்றியதும் இறுக்கம் திரும்பும். அறுவை தோற்றுவிட்டது என்று நோயாளி உடைந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் சிகிச்சை அப்போதுதான் தொடங்கவே போகிறது. பார்க்கின்சன் நடுக்கம் மின்சாரம் ஓடிய சில நொடிகளில் நிற்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். டிஸ்டோனியா அப்படி அடங்காது. துடிப்பான இழுப்புகள் நாள், வாரக் கணக்கில் குறையலாம். நிலைத்த இறுக்கம் தளர மாதங்கள் ஆகும், முழுப் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். ஒவ்வொரு அளவு மாற்றத்துக்குப் பிறகும் பொறுத்திருந்து பார்க்க வேண்டியிருப்பதால் மருத்துவமனைக்கு நடை அதிகம். அந்த நாட்களில் மனம் மேலும் கீழுமாக ஆடுவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் கீழேயே கிடந்தால் இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. ஜிபிஐ தூண்டல் சிலருக்கு அசைவுகளையே மந்தமாக்கும்: எழுத்து சிறுக்கும், நடை சுருங்கும், பேச்சு குழறும், முகம் உணர்ச்சியற்று மரத்துப்போனதுபோல் தோன்றும். இவ்வளவு நாள் கோணிய முகத்தைக் கோபம் என்று படித்த வீட்டார், இப்போது அசையாத முகத்தைச் சோகம் என்று படிப்பார்கள். மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் உங்களிடம் கேட்க வேண்டும்: விருப்பமானதைச் செய்யும்போது சந்தோஷம் வருகிறதா, விடியற்காலையில் விழிப்புத் தட்டி மனம் பாரமாக இருக்கிறதா என்று. மகிழ்ச்சி உள்ளே இருந்து முகம் மட்டும் காட்டவில்லையென்றால் மாற்ற வேண்டியது மின்னளவு. உள்ளேயே வற்றியிருந்தால் மனச்சோர்வுக்கான சிகிச்சையும் வேண்டும். பேட்டரியையும் நினைவில் வையுங்கள். டிஸ்டோனியாவுக்கு அதிக மின்சாரம் தேவைப்படுவதால் சார்ஜ் செய்ய இயலாத வகை சில ஆண்டுகளிலேயே தீர்ந்துபோகும். இறுக்கமும் பதற்றமும் காரணமில்லாமல் ஒன்றாகத் திரும்பினால் முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் நானாகவே இருப்பேனா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில் அமர்ந்த ஜிபிஐ கம்பி ஒருவரின் சுபாவத்தை மாற்றுவதை நான் கண்டதில்லை. மாறுவது சுற்றியுள்ள வாழ்க்கை, அதைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. எட்டு ஆண்டுகளாக உங்கள் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தவர் உங்கள் கணவராக இருந்தால், ஒரு நாள் நீங்கள் கையை விடுவித்துக்கொண்டு முன்னே நடக்கும்போது அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. இவ்வளவு காலம் நோயின் பேரில் யாரும் எதிர்பார்க்காதவற்றை இனி எதிர்பார்ப்பார்கள். வேலையை விட்டது நோயால் என்று ஆறுதல் சொல்லிக்கொண்ட மனம், நோய் போன பின்னும் வேலை திரும்பாதபோது நோகும். நல்லபடி முடிந்த அறுவைக்குப் பிறகு வரும் இத்தகைய வருத்தத்தை வெளியே சொல்ல நோயாளிகள் கூச்சப்படுகிறார்கள், நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று. கூச்சப்பட வேண்டாம். நேர்காணலுக்கு வீட்டில் உங்களோடு அதிகம் இருப்பவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவரிடமும் நாங்கள் பேசுவோம்.

அதற்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த போடாக்ஸ் ஊசி போடும் நாளிலிருந்து தொடங்கி, ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அன்று கண் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று எழுதுங்கள். இன்னொன்றில் மனம் எப்படி இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். பக்கத்தில் எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்பது மட்டும். எழுத முடியாத நாளில் நீங்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். ஊசியின் பலன் உச்சத்தில் இருக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை மனமும் மேலே வந்து, பலன் வடிந்ததும் அதுவும் இறங்குகிறதா, அல்லது கண் திறந்திருந்த நாட்களிலும் மனத்தின் எண் அசையாமல் கிடக்கிறதா என்பதை அந்த இரண்டு பத்திகள் காட்டிவிடும். அறுவைக்குப் பின் உங்கள் மனம் முகத்தைப் பின்தொடருமா என்பதை முன்கூட்டி ஊகிக்க எந்த வினாத்தாளையும்விட எனக்கு அந்த நோட்டே உதவும். பன்னிரண்டு வாரம் எழுதி, பழைய மருத்துவச் சீட்டுகளோடு, 38 வயதில் சாப்பிட்ட மாத்திரையின் பெயர் கிடைத்தால் அதையும் சேர்த்து, எடுத்துக்கொண்டு போங்கள்.